ஹார்லன் பார்க்காத கைகள்

ஹார்லன் தோர்சன் மேடையேறினால் ஒரு கேக் ஆயிரம் டாலருக்குப் போகும் என்று எங்கள் ஓல்சன்வில்லில் ஒரு பேச்சு உண்டு. வெறும் பேச்சில்லை, போயிருக்கிறது. பனிக்காலம் வந்தால் போதும், யாருக்காவது புற்றுநோய், யார் வீட்டிலாவது தீ, யார் பிள்ளைக்காவது முதுகில் அறுவை. உடனே தீயணைப்பு நிலையத்து வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே மேசை போட்டு, ஊர் கூடி ஸ்பகெட்டி விருந்து வைப்போம். சாப்பிட்ட கையோடு ஏலம். பெண்கள் செய்துகொண்டு வந்த கேக்குகள், தைத்த போர்வைகள், யாரோ செதுக்கிய மரவாத்து என்று எல்லாவற்றையும் ஹார்லன்தான் ஏலம் விடுவார். கூலி வாங்க மாட்டார். "கேக் வாங்கறான், காசு குடுக்கறான். இங்க யாரு யார்கிட்ட கை நீட்டினாங்க, சொல்லு பாப்போம்?" என்று கேட்பார். கை நீட்டுவது என்றால் அவருக்கு அப்படியொரு அருவருப்பு.

அந்தப் பிப்ரவரி சனிக்கிழமை விருந்து அவர் வீட்டுக்கே வைக்கும்படி ஆகிவிட்டது. மனைவி டார்லாவின் ஈரல் போய்விட்டது. குடிக்கிறவளாக இருந்தாலாவது ஒரு நியாயம் இருக்கும். சர்ச்சில் கொடுக்கும் திராட்சை ரசத்தைக்கூட உதட்டில் ஒற்றிவிட்டு நகர்ந்துவிடுகிற மனுஷி அவள். கண் மஞ்சளாகி, உடம்பெல்லாம் அரித்து, ஐம்பத்தெட்டு வயதில் எழுபது வயதுக்காரி மாதிரி ஆகிவிட்டாள். மாற்று ஈரல் வைக்கலாம் என்றார்கள் நகரத்து ஆஸ்பத்திரியில். அறுவைக்குக் காப்பீட்டுக்காரன் கொடுத்துவிடுவான். அதற்கப்புறம் ஆயுசுக்கும் சாப்பிட வேண்டிய மாத்திரைக்கும், மூன்று மாதம் ஆஸ்பத்திரிப் பக்கத்திலேயே தங்குவதற்கும் கையில் இருபதாயிரம் டாலர் இருப்பதாகக் காட்டினால்தான் பட்டியலில் பெயர் ஏறும். திங்கட்கிழமை குழு கூடுகிறது. இதைப் போனில் சொன்ன பெண்ணின் குரல் தேனாக இருந்தது. ஹார்லனுக்கு அன்றிலிருந்து சோறு தொண்டையில் இறங்கவில்லை.

மதியம் அவர் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது கர்ட் வந்தான். டார்லாவின் தம்பி. இருபத்தாறு வருடம் ஸ்ட்ராண்ட் ஜன்னல் தொழிற்சாலையில் ரம்பத்தடியில் நின்றவன். நான்கு வருடத்துக்கு முன்னால் முதலாளி வெண்டல் ஸ்ட்ராண்ட் அதை வெளியூர்க் கம்பெனிக்கு விற்றார். வாங்கியவர்கள் இயந்திரங்களைக் கழற்றித் தெற்கே கொண்டுபோய்விட்டார்கள். வெண்டலுக்கு ஏரிக்கரையில் இன்னொரு பெரிய வீடு வந்தது. கர்ட் தன் பழைய பிக்கப் வண்டியில் வீடு வீடாகப் பார்சல் போட ஆரம்பித்தான்.

"மச்சான், அக்காவோட கேக் எப்ப வருது?"

"கடைசியா."

"நல்லது. வெண்டல்தான் கேப்பான். நான் ஏத்திவிடறேன். நீ என் கையப் பாத்துக்கிட்டே இரு, அது போதும்."

ஹார்லன் நாற்காலியைக் கீழே வைத்தார். "ஏத்திவிட்டு?"

"அவன் விடுவான்னு நினைக்கறியா? ஊரே பாக்குது, என்கிட்டயா தோப்பான்? எட்டாயிரம் வரைக்கும் இழுத்துட்டுப் போறேன் பாரு."

"அது கள்ளக் கேள்விடா. என் லைசென்ஸப் புடுங்கிடுவாங்க."

"என்ன கள்ளம்? என் தலைல விழுந்தா நான் கட்டறேன்."

"எத வெச்சுக் கட்டுவ? பார்சல் டப்பாவ வெச்சா?"

கர்ட் சிரிக்கவில்லை. "அவன் வீட்டு ஒவ்வொரு ஜன்னலும் நாங்க அறுத்தது மச்சான். இருநூறு பேரு அறுத்தோம். அவன் ஒருத்தன் அள்ளிட்டுப் போனான்."

"அவனோட சொத்து, அவன் வித்தான். ஒரு வாரமாவது உனக்குச் சம்பளம் குடுக்காம விட்டானா? ஒருத்தன்கிட்ட காசிருக்குன்னு நாம வயிறெரிஞ்சா நமக்கு என்ன வந்துடப்போவுது?"

"அக்காவுக்கு ஈரல் வந்துடும்," என்றான் கர்ட்.

ஹார்லனுக்குச் சுருக்கென்றது. அடுத்த நாற்காலியைப் பிரித்தார்.

பொய்க்கேள்வி மட்டும் அவரால் முடியாது. அவருக்கு இருபது வயதாக இருந்தபோது வங்கிக்காரர்கள் அவர் அப்பாவின் பண்ணையை ஏலத்தில் விட்டார்கள். ஊர் முழுக்கக் களத்தில் வந்து நின்றது. பக்கத்துப் பண்ணைக்காரர் எமில், சிநேகிதனின் டிராக்டர் வெளியூரானுக்குப் போகக் கூடாதென்று கையைத் தூக்கினார், தூக்கினார், தூக்கிக்கொண்டே இருந்தார். ஏலக்காரன் ஒவ்வொரு கேள்வியையும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டான். டிராக்டரை அப்பாவிடமே கொடுத்த எமில், மறுவருடம் தன் மாடுகளை விற்றார். அன்றைக்கு ஹார்லன் மனதில் ஒரு சபதம் போட்டுக்கொண்டார். தான் ஏலக்காரனானால், தாங்க முடியாதவன் தூக்கும் கையைப் பார்க்கவே கூடாது என்று.

நாற்பது வருடமாக அப்படித்தான் நடந்து வருகிறார். ஏலம் விடுகிறவருக்கு ஊரில் யார் வீட்டு அடுப்பு எப்படி எரிகிறது என்பது தெரியும். இல்லாதவன் வீம்புக்கு ஏற்றினால் ஹார்லனின் கண் அந்தக் கையைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போய்விடும். கை தூக்கியவர் ஏமாந்தமாதிரி இறக்கிவிடுவார். கேட்டால், "விளக்கு கண்ணுல கூசிச்சு" என்பார். வாயில் மட்டும் வேறு பேச்சு. ஒரு டாலர் யார் கையில் இருந்தாலும் ஒரு டாலர்தான், ஏலத்தில் ஏழையுமில்லை பணக்காரனுமில்லை என்று கர்ட்டோடு மணிக்கணக்கில் வாதாடுவார். இந்த மனுஷன் சொல்வது ஒன்று, செய்வது ஒன்று என்று டார்லா மட்டும் சில சமயம் சிரிப்பாள்.

நாலு மணிக்கு ஊர் வந்து நிரம்பியது. டார்லா முன்வரிசை மேசையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே இரண்டு நாளாகச் செய்த எலுமிச்சைக் கேக் எதிரில் இருந்தது. வருகிறவர்களெல்லாம் அவளைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார்கள். "எல்லாரும் பொணத்தப் பாக்க வந்தமாதிரி வரிசைல வர்றாங்க. எழுந்து உக்காந்து பயமுறுத்தலாமான்னு இருக்கு," என்று கணவனிடம் மெல்லச் சொன்னாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கையைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்றிருந்தது.

வெண்டல் ஸ்ட்ராண்ட் கிழிந்த காலர் வைத்த பழைய கோட்டில் வந்தார். ஊருக்குள் வரும்போது அதைத்தான் போடுவார். ஹார்லனோடு ஒரே வகுப்பில் படித்தவர். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. பள்ளிக்கூட மைதானத்து விளக்கு அவர் போட்டதுதான். எந்த வீட்டு விருந்தானாலும் வந்து எதையாவது நல்ல விலைக்கு எடுத்துவிட்டுத்தான் போவார். காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் கர்ட் நிற்பதைப் பார்த்தும் ஒதுங்காமல் போய்க் கோப்பையை நீட்டினார்.

"என்ன வெண்டல், இன்னிக்கி எவ்வளவுக்கு எங்க அக்காவ வாங்கப்போற?" என்று கர்ட் ஆரம்பித்தான்.

"கேக்கைத்தான் வாங்கப்போறேன் கர்ட்."

"நேரா ஒரு செக்கக் கிழிச்சுக் குடுத்துட்டுப் போயேன். உனக்கு என்ன, நாய்க்குச் சோறு வாங்கற காசு."

வெண்டல் கோபப்படவில்லை. அதுதான் அவரிடம் எரிச்சலூட்டுகிற விஷயம். "நான் யாருக்கும் சும்மா குடுக்கறதில்லப்பா. எதையாவது வாங்குவேன், காசு குடுப்பேன். சும்மா குடுத்தா வாங்கறவன் கூனிப்போயிடுவான். அப்புறம் என் மூஞ்சில முழிக்க மாட்டான். அப்பா எனக்குச் சொல்லிக் குடுத்தது அது."

"நாங்க ஏற்கெனவே கூனித்தான் கெடக்கறோம். இருபத்தாறு வருஷம் உன் ரம்பத்துக்கு முன்னால குனிஞ்சு."

"காபி ஆறுது," என்று ஹார்லன் நடுவில் புகுந்தார். வெண்டல் முறுக்கிக்கொண்டு போய்விட்டால் டார்லா கதி என்ன? இந்தப் பயல் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா? அதே நேரத்தில் வெண்டல் சொன்னது தன் வாயிலிருந்து வந்தமாதிரியே இருந்ததும் அவருக்கு உறைத்தது. ஏனோ அது இன்று சந்தோஷமாக இல்லை.

ஏலம் தொடங்கியது. மரவாத்து போனது, தேன் போனது, யாரோ கொடுத்த ஒரு வண்டி விறகு போனது. பள்ளிக்கூடச் சமையல்காரியாக இருந்து ஓய்வு பெற்ற ரூத் ஒரு நீலப் போர்வைக்குக் கை தூக்கினாள். இருநூறு வரைக்கும் வந்தாள். அந்த மாதம் அவள் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் தீர்ந்து, சமையலறையில் மட்டும் ஹீட்டர் போட்டுக்கொண்டு இருக்கிறாள் என்று ஹார்லனுக்குத் தெரியும். கண் அவளைத் தாண்டிப் போனது. ரூத் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். போர்வையை ஒரு பல் டாக்டர் எடுத்தார்.

ஒவ்வொரு பொருள் போனதும் ஹார்லனின் கண் காசு மேசைக்குப் போகும். அங்கே உட்கார்ந்திருந்த பாட்சி, ஹார்லன் வீட்டுச் சேமிப்பையும் சாப்பாட்டுக் காசையும் ஏலக் காசையும் சேர்த்து, இருபதாயிரத்துக்கு இன்னும் எவ்வளவு என்று விரலைக் காட்டுவாள். கேக் மேடைக்கு வரும்போது பாட்சி இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். பத்தாயிரம்.

வெண்டல் எந்த விருந்திலும் ஐயாயிரத்துக்கு மேல் போனதில்லை.

"டார்லாவோட எலுமிச்சக் கேக்கு! நம்ம ஊர்ல இதத் தின்னாதவன் யாரு? ஐநூறுலேர்ந்து ஆரம்பிக்கலாமா?" குரல் எப்போதும்போல் கணீரென்று வந்தது. அது எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. வெண்டல் ஆயிரம் என்றார். பல் டாக்டர் கொஞ்ச தூரம் கூட வந்துவிட்டு, சிரித்துக்கொண்டே நின்றுவிட்டார். வெண்டல் பெயரில் மூவாயிரம் நின்றது.

அப்போது பின்சுவரோரம் கர்ட்டின் கை மேலே போனது.

அந்தக் கையைத் தாண்டிப் போகத்தான் ஹார்லனின் கண்ணுக்குத் தெரியும். நாற்பது வருடப் பழக்கம். ஆனால் தாண்டும் வழியில் டார்லா உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் கண்ணோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மூவாயிரத்தைந்நூறு, கர்ட்!" என்று தன் வாய் சொல்வதை ஹார்லன் கேட்டார்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. வெண்டல் லேசாகப் புருவத்தைத் தூக்கினார். "நாலு."

கர்ட் நாலரை. வெண்டல் ஐந்து. கர்ட் ஐந்தரை. யாரோ விசில் அடித்தார்கள். இது பொய்க் கை, தெரிந்தே வாங்குகிறேன் என்று ஹார்லனுக்கு உறுத்தியது. ஆனாலும் கண் வெண்டலைக் கெஞ்சியது. வெண்டல் கொஞ்சம் யோசித்து, "ஆறாயிரம்," என்றார். கூட்டம் கைதட்டியது.

கர்ட் கையைத் தூக்கினான். ஆறாயிரத்தைந்நூறு.

வெண்டல் தலையை ஆட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். "போதும். கர்ட் சாப்பிடட்டும்."

ஹார்லன் சுத்தியலைப் பிடித்தபடி நின்றார். இப்போது அடித்தால் ஆறாயிரத்தைந்நூறு இந்தப் பயல் தலையில். அவனிடம் இருப்பது ஒரு வண்டி. அதை விற்றால் பார்சல் வேலையும் போகும். எமிலின் காலி மாட்டுக் கொட்டகை கண்முன் வந்தது. "ஒருதரம்," என்றார். வெண்டல் அசையவில்லை. "ரெண்டுதரம்..." கர்ட்டின் கை இன்னும் மேலேயே இருந்தது. கூடத்தில் அதைப் பார்க்காதவர் யாருமில்லை.

"ஆறாயிரம்! வெண்டல் ஸ்ட்ராண்ட்! மூணுதரம்!" என்று சுத்தியலை அடித்துவிட்டார்.

"யோவ் ஹார்லன்," என்று வெண்டல் எழுந்தார். "அவன்தானே கடைசியா கேட்டான்? ஆறரைன்னு எனக்கே கேட்டுது. இது உன் சட்டமா? ஏலத்துல எல்லாரும் ஒண்ணுன்னு நீதானே சொல்லுவ?"

"கை தெரியல. விளக்கு..."

"என்ன வெளக்கு? அவன் இன்னும் கைய எறக்கவே இல்ல, பாரு."

எல்லா முகமும் அவர்மேல். ஒரு வார்த்தை சொல்லி இதை முடித்துவிட்டால் போதும் என்றிருந்தது. "அவன்கிட்ட இல்ல வெண்டல்!" என்று கத்தினார். மைக் அதை வாங்கி ஊருக்கெல்லாம் போட்டது. "அவன்கிட்ட காசு இல்ல. உன்கிட்ட இருக்கு. அவ்வளவுதான். போதுமா?"

எங்கள் ஊரில் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசுவோம். அரசியல் பேசுவோம், அடுத்த வீட்டுக்காரன் பெண்டாட்டியைப் பற்றிப் பேசுவோம். ஒருத்தன் முகத்துக்கு நேரே உன்னிடம் இல்லை என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. கர்ட் கையை மெல்ல இறக்கினான். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு கதவைத் திறந்து போனான். வெண்டல் உட்கார்ந்து செக் புத்தகத்தை எடுத்தார்.

டார்லா போர்வையோடு எழுந்தாள். மேடையிலிருக்கிற கணவனைப் பார்த்து, "இறங்கு," என்றாள். அவர் இறங்கினார்.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. கர்ட் வண்டியில் எஞ்சினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போகவில்லை. டார்லா மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஹார்லன் ஜன்னலண்டை நின்றார்.

"கர்ட், உன் வண்டிய வித்துட்டு நீ என்னடா பண்ணுவ? அதுக்காகத்தான்..."

கர்ட் சட்டைக்குள்ளிருந்து ஒரு கவரை எடுத்து வண்டியின் முன்பலகையில் போட்டான். "படக வித்துட்டேன். அப்பாவோட ஏரிக்கரை நிலத்தையும் சேத்து. எட்டாயிரம் இருக்கு."

ஹார்லன் கவரை எட்டிப் பார்த்தார்.

"மதியமே உன்கிட்ட சொல்லியிருப்பேன். பார்சல் டப்பாவான்னு கேட்ட பாரு, அப்பத்தான் வாய மூடிக்கிட்டேன். நான் தூக்கினது நெஜக் கை மச்சான். நீ பொய்க் கைன்னு நினைச்சே ஆறாயிரம் வரைக்கும் அதப் பாத்த. உனக்குத் தேவையா இருந்துச்சு, பாத்த. நெஜமா என் தலைல விழப்போறப்ப கண்ண மூடிக்கிட்ட."

"உனக்காகத்தான்டா மூடினேன். எமில் என்ன ஆனார்னு நான் பாத்திருக்கேன்."

"எமிலக் கேட்டியா, நீ? குடுத்ததுக்கு வருத்தப்பட்டேன்னு அவர் சொன்னாரா? லுண்ட் வீட்டுக் களஞ்சியம் எரிஞ்சப்ப வெச்ச ஏலத்துல ஒரு துப்பாக்கிக்குக் கைதூக்கினேன். ஒரு வருஷம் சேத்து வெச்ச காசு. நீ பாக்கல. வெளக்குதான் போலன்னு நினைச்சேன். இன்னிக்கி ரூத் கைய மடில வெச்சுக்கிட்டாளே, பாத்தேன். யார்கிட்ட இருக்கு, யார்கிட்ட இல்ல, யாரு குடுக்கலாம், யாரு குடுக்கக் கூடாதுன்னு முடிவு பண்ண நீ யாரு? வெண்டல் என் வேலையத்தான் எடுத்தான். நீ கையவே எடுத்துட்ட."

ஹார்லன் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டார். நாற்பது வருடமாகத் தான் செய்த ஒரே புண்ணியம் இதுதான் என்று நினைத்திருந்தவர். அவமானமாக இருந்தது. அழுகை வரும்போலவும் இருந்தது.

"எடுத்துக்கக்கா," என்று கர்ட் கவரை டார்லாவின் மடியில் வைத்தான். "இதுக்கு ஏலம் எதுக்கு? வெண்டலோட ஆறும் இதுவும் சேந்தா தாராளமா போதும்."

டார்லா அதைத் தொடவில்லை. கணவன் பக்கம் திரும்பினாள். "உள்ள போய்ச் சொல்லு."

"என்னன்னு?"

"அவன்கிட்ட காசு இருந்துச்சுன்னு. கேக் அவனுதுன்னு."

ஹார்லன் ஜன்னலுக்குள் குனிந்தார். "டார்லா, கேக் இவனுதுன்னா வெண்டல் குடுக்க மாட்டான். தோத்த பொருளுக்கு அவன் எதுக்குக் குடுக்கணும்? இந்த எட்டுதான் மிச்சம். இன்னும் ரெண்டாயிரம் கொறயும். திங்கக்கெழமை குழு..."

"என்ன கெழமைன்னு எனக்குத் தெரியாதா? அரிக்கறது எனக்கு." அவள் குரல் உயரவில்லை. "ரெண்டு பேரும் மதியத்துலேர்ந்து என்னை வெச்சுச் சண்ட போடறீங்க, நான்தான் அந்தக் கேக்கு மாதிரி. ஈரல் என்னுது. என் தம்பிய ஊர் முன்னால ஒண்ணுமில்லாதவன்னு சொல்லிட்டு, அவன் காசுலயே நான் மாத்திர முழுங்கணுமா? எனக்கு எறங்காது ஹார்லன். போ."

"அக்கா, பைத்தியமா உனக்கு?" என்றான் கர்ட்.

"நீ சும்மா இரு. நீயும் உள்ள வா."

ஹார்லன் போனார். நாற்காலிகளை மடிக்க ஆரம்பித்திருந்தார்கள். சனம் பாதி கோட்டு மாட்டிவிட்டது. அவர் மேடையேறி மைக்கைத் தட்டினார். எல்லாரும் நின்றார்கள். கணீர்க் குரல் எங்கோ போய்விட்டிருந்தது.

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். கடைசிக் கேள்வி ஆறாயிரத்தைந்நூறு. கர்ட் கேட்டது. நான் பாத்தேன், பாக்கலன்னு சொன்னேன். அவன்கிட்ட இல்லன்னும் சொன்னேன். இருக்கு. அவன்கிட்ட இருக்கு. எனக்குத்தான் தெரியல."

காசு மேசைக்கு முன்னால் செக்கும் கையுமாக நின்ற வெண்டல் திரும்பினார். "அப்ப கேக் என்னுதா, அவனுதா?"

ஹார்லன் வாசலைப் பார்த்தார். டார்லா தம்பியின் தோளைப் பிடித்தபடி உள்ளே வந்துகொண்டிருந்தாள். ஆறாயிரம் டாலர் வெண்டலின் இரண்டு விரலுக்கு நடுவில் இருந்தது. அது திரும்ப அவர் பைக்குள் போகாமல் இருக்க ஒரு சொல் போதும். அவள் சொல்லு என்பதுபோல் தலையசைத்தாள்.

"அவனுது," என்றார் ஹார்லன்.

வெண்டல் செக்கை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். அதில் வன்மம் ஒன்றுமில்லை. ஏலத்தில் தோற்றவன் செய்வதைத்தான் செய்தார். கர்ட் நேராக நடந்து போய்க் கவரைப் பாட்சியிடம் கொடுத்தான். அவள் எண்ணிவிட்டு மீதி ஆயிரத்தைந்நூறைத் திருப்பி நீட்டினாள். அவன் வாங்கவில்லை. கேக்கை எடுத்துக்கொண்டு போய் ரூத் உட்கார்ந்திருந்த மேசையில் வைத்து, கத்தி எங்கே என்று கேட்டான். பாட்சி ஹார்லனைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினாள்.

கோட்டு மாட்டும் கொக்கிகளண்டை வெண்டல் ஒரு கையில் கையுறையைப் போட்டுவிட்டு இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். ஹார்லன் அவரிடம் போனார். வாழ்க்கையில் எவ்வளவோ பேருக்காகக் கேட்டிருக்கிறார். அப்போதெல்லாம் முன்னால் ஒரு பொருள் இருந்தது, கையில் சுத்தியல் இருந்தது. இப்போது கையை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை.

"வெண்டல்."

"சொல்லு."

"ரெண்டாயிரம் கொறயுது."

வெண்டல் மேடைப் பக்கம் எட்டிப் பார்த்தார். "இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கா என்ன? கொண்டா, எடுத்துக்கறேன்."

"இல்ல. விக்க ஒண்ணுமில்ல. சும்மாதான் கேக்கறேன். எங்கிட்ட இல்ல."

வெண்டல் நெளிந்தார். பக்கத்தில் நின்றவர்கள் காதில் விழுந்துவிட்டது. அவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். "ஹார்லன், நாம அஞ்சாங் கிளாஸ்லேர்ந்து சிநேகிதம். நான் சும்மா குடுத்தா நீ என் முன்னால கூனிப்போயிடுவ. அது எனக்கு வேணாம்ப்பா."

"கூனிட்டேன்," என்றார் ஹார்லன். "பாரு, கூனித்தான் நிக்கறேன். குடு."

வெண்டல் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டுச் செக் புத்தகத்தை எடுத்தார்.